முதலில் கழுத்து

மார்ச் 3

இல்லை, எதையும் உறிஞ்சி வெளியே எடுப்பதில்லை. கப்புக்குள் ஒன்றும் சேராது. வேலை முடிந்து பார்த்தால் காலியாகத்தான் இருக்கும், ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு.

உன் கார்டு வந்தது, அக்கா. நலம் விசாரிப்பு இல்லை. கையெழுத்து இல்லை. ஒரே கேள்வி: "அந்தக் கப் உள்ளே இருக்கிற தண்ணியை உறிஞ்சுமா, இல்லை கீழே இறக்குமா?" எழுத்து ஏனோ தள்ளாடுகிறது. ஆனால் 'ழ'வின் வாலை இப்படிச் சுழற்றுகிறவர் உலகத்தில் ஒருவர்தான்.

சித்தி வீட்டில் அன்று நீ பேசியதற்குப் பிறகு இதுதான் முதல் வார்த்தை. "இவ்வளவு படிச்சுட்டு ஊரான் மூஞ்சில டீ கப்பைக் கவுத்துட்டிருக்கா." எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். கோபித்துக்கொள்ள வேண்டியது நான். ஆனால் அடுத்த வாரமே போனில் என் எண்ணைத் தடுத்து வைத்தது நீ. ஒரு வருடம் தாண்டிவிட்டது. இதை மட்டும் என்னால் இன்னும் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

சரி. கேள்விக்கு வருகிறேன்.

தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு வழி இருக்கிறது. நிணநீர், நீ 'தண்ணி' என்று கேட்டது, போகும் வழி. இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. இதற்கு அப்படி ஒரு பம்ப் இல்லை. குழாய் தானே மெல்லச் சுருங்கும். மூச்சு விட்டால், நடந்தால், தலையைத் திருப்பினால் கொஞ்சம் நகரும். படுத்தே இருந்தால் தேங்கும். காலையில் கண்ணுக்கு அடியில் பை தொங்குவது பெரும்பாலும் அதனால்தான். மசாஜில் கப் செய்வது ஒன்றே ஒன்று. தோலை மயிரிழை அளவு தூக்குகிறது. அடியில் இடம் கிடைக்கிறது. தூக்கியபடியே நகர்த்தினால், தேங்கியது போகவேண்டிய பக்கம் போகிறது.

அவ்வளவுதான். அதிசயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு அதிசயமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அத்தனை வருடம் சொற்களை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். இங்கே அழுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேன்.

எதற்காகக் கேட்கிறாய்?


மார்ச் 9

பொடிசு,

நலம் விசாரிக்கக் கார்டில் இடம் போதவில்லை. இதில் இருக்கிறது. நான் நலம். உன் மாமாவும் நலம். போதுமா?

தொழில் விஷயமாகக் கேட்டேன். பஸ் திரும்பும் முனையில் ஒருத்தி புதிதாக அழகு நிலையம் திறக்கிறாள். தலையில் மூன்று மாடிக் கொண்டை. வாசல் கண்ணாடியில் எழுதித் தரச் சொன்னாள். எழுத வேண்டியதைத் தாளில் கொடுத்திருக்கிறாள்: 'மென்மையான கப்பிங் மசாஜ். நச்சுகள் வெளியேறும். ஒரே முறையில் முகம் மெலியும். வயது குறையும்.'

நான் என்னவோ பொய்யே எழுதாதவள் என்று நினைக்காதே. 'இங்கு எல்லாம் கிடைக்கும்' என்று எத்தனை கடைக்கு எழுதியிருக்கிறேன், ஒரு குண்டூசி கிடைக்காத கடைக்கெல்லாம். ஆனால் அது பலகை. இது கண்ணாடி. உள்பக்கம் நின்றுகொண்டு, இடத்தை வலமாகப் புரட்டி எழுதவேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை யோசிக்கவேண்டும். இரண்டு தடவை யோசித்தால் பொய் உறுத்துகிறது.

உன்னைத் தவிர எனக்கு டீ கப்காரி யாரையும் தெரியாது. அதனால் கேட்கிறேன். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. எங்கே ஆரம்பிக்கவேண்டும்? ஏன் மெல்ல? அழுத்தினால் சீக்கிரம் போகாதா? போனது திரும்பி வருமா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். தாளில் இரண்டுக்கும் வசதி இல்லை.

மாமா காபி ஆறுகிறது என்கிறார். எழுத நேரம் பிடிக்கிறது.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நான் உன்னிடம் போனில் அழுததே இல்லை. அழுதது அந்தக் காலத்து ஹாஸ்டல் போனில். அது கணக்கில் வராது.

எங்கே ஆரம்பிப்பது. இதைத்தான் எல்லோரும் தப்பாகச் செய்வார்கள். நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணுக்கு அடியில் வீக்கம் என்றால் நேரே கண்ணுக்கு அடியில் கப்பைக் கொண்டுபோனேன். கடை நடத்தும் மேடம் என் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார். "எங்கேடி தள்றே? வழியைத் திறந்தியா?"

முதலில் கழுத்து. காறை எலும்புக்கு மேலே இரண்டு குழி இருக்கிறதே, அங்கே. முகத்தில் தேங்கியதெல்லாம் கடைசியில் அங்கேதான் இறங்கவேண்டும். நெரிசலான பஸ்ஸில் பின்னால் நிற்பவரைத் தள்ளி என்ன பயன்? படியில் நிற்பவர் இறங்கவேண்டும். அதனால் முதலில் குழியில் விரலால் லேசாக, பிறகு கழுத்தின் பக்கவாட்டில், பிறகு தாடையிலிருந்து காதுக்கு, மூக்கோரத்திலிருந்து காதுக்கு, காதிலிருந்து மறுபடி கழுத்துக்கு. வீங்கிய இடத்துக்குக் கடைசியில்தான் போவோம். அங்கே போவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஏன் மெல்ல? இந்தக் குழாய்கள் தோலை ஒட்டி ஓடுகின்றன. அழுத்தினால் நசுங்கும். நசுங்கினால் போகாது. கப்பை ஓர் இடத்தில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் வட்டம் விழும்.

எங்களிடம் ஒரு அம்மா வருகிறார். டிவியில் செய்தி வாசிக்கிறவர். விடிந்ததும் கேமரா முன்னால் உட்காரவேண்டும், முகம் உப்பியிருக்கும்.

"நல்லா இழுத்து விடும்மா. பட்டும் படாம இது என்ன மசாஜ்?"

"இழுத்தா கன்னத்துல வட்டம் விழும்மா. நாளைக்கு யாரும் செய்தியைக் கேக்க மாட்டாங்க. வட்டத்தைத்தான் பாப்பாங்க."

"ஐயையோ. அப்ப பட்டும் படாமலே பண்ணு."

திரும்பி வருமா என்றால், வரும். சில மணி நேரம் முகம் லேசாக இருக்கும். உப்பு அதிகம் தின்று, கவிழ்ந்து படுத்து எழுந்தால் பழைய முகம். 'ஒரே முறையில் மெலியும்' பொய். 'நச்சு வெளியேறும்' பொய். அதை எழுதாதே.

இன்னொன்றையும் உன் மூன்று மாடிக் கொண்டையிடம் சொல். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், காய்ச்சல் இருந்தால் நாங்கள் கைவைக்க மாட்டோம். நேரே டாக்டரிடம் அனுப்பிவிடுவோம்.

எழுத நேரம் பிடிக்கிறது என்று எழுதியிருந்தாய். நீயா? ஒரு மத்தியானத்துக்குள் ஒரு கடைத்தெருவையே எழுதி முடிப்பவளாயிற்றே.

பொடிசு


மார்ச் 20

பொடிசு,

நீ சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். சிரிக்காதே.

என்னிடம் கப் இல்லை. ஆனால் பட்டறையில் கண்ணாடி தூக்கும் ரப்பர் இருக்கிறது. உனக்கு நினைவிருக்கும், கைப்பிடி வைத்தது, சின்ன வயதில் அதை நீ சுவரில் ஒட்டித் தொங்கப் பார்த்து விழுந்தாய். அழுத்தி ஒட்டினால் ஆள் உயரக் கண்ணாடியே எழுந்து வரும். அதில் சின்னதாக ஒன்று. கன்னத்தில் வைத்தேன். எழுந்து வந்தது கண்ணாடி இல்லை, என் உயிர். பிடுங்கவே முடியவில்லை. மாமா ஓடி வந்து ஓரத்தில் கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார்.

"என்னடி பண்றே?"

"தொழில் கத்துக்கறேன்."

"யார்கிட்ட?"

நான் கன்னத்தைத் தேய்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனார். கன்னத்தில் முழுநிலவு போல ஒரு வட்டம். கொண்டைக்காரி பார்த்துவிட்டு, "இதுதான் கப்பிங்கா? எங்க கடையில இப்படி ஆகாதுன்னு எழுதுங்க" என்றாள்.

அவளோடு வாக்குவாதம் நடக்கிறது. 'நச்சு' போய்விட்டது. 'வயது' போய்விட்டது. 'முக வீக்கம் கொஞ்சம் குறையும்' என்று எழுதுகிறேன் என்றேன்.

"கொஞ்சம்னு யாராவது போர்டுல எழுதுவாங்களா?"

"நிஜம்னா எழுதுவாங்க."

"வீக்கம் குறையும்னு மட்டும் போடுங்க. கொஞ்சம் வேணாம்."

"அப்ப வேற ஆளைப் பாருங்க."

வேறு ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அதற்குள் மேல் வரி முடித்துவிட்டேன். கீழ் வரி பாக்கி. மேல் வரிக்கு ஏணியில் ஏறுவதுதான் சிரமம்.

ஒரு சந்தேகம். முகத்துக்குக் கழுத்து வழி என்றாய். கைக்கு? கை வீங்கினால் எது வழி? கொண்டைக்காரி கை கால் எல்லாவற்றுக்கும் செய்யப்போகிறாளாம்.

அக்கா


மார்ச் 25

அக்கா,

ரப்பர் கதையை மேடத்திடம் சொன்னேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். செய்தி வாசிக்கிற அம்மா படுத்த வாக்கிலேயே, "உங்கக்காவை ஒரு நாள் கூட்டிட்டு வா" என்றார். நான் கப்புக்கு எண்ணெய் தடவினேன்.

அந்த ரப்பரை இனிமேல் உடம்பில் எங்கும் வைக்காதே. இதை நான் சிரித்துக்கொண்டே எழுதவில்லை. எங்கள் கப் மெத்தென்று இருக்கும், இரண்டு விரலால் லேசாக அமுக்கிவிட்டாலே போதும். உன்னுடையது கண்ணாடிக்கானது. கண்ணாடிக்கு இரத்தம் கட்டாது.

கைக்கு அக்குள். அங்கே முடிச்சு முடிச்சாக நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. விரல், முன்கை, மேல்கை, எல்லாம் அங்கே வந்துதான் உள்ளே போகும். அதனால் முதலில் அக்குளைத் தயார் செய்வோம். பிறகு மேல்கை. கடைசியில் விரல்.

இனி என் சந்தேகம். உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். மேடம் இல்லாத நேரத்தில், மசாஜ் மேஜை மேல் பரப்பி. நான் படித்த படிப்பின் மிச்சம் இது ஒன்றுதான், எதையும் பரப்பிவைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. எல்லா எழுத்தும் பின்னால் சாய்ந்திருக்கிறது. எதிர்க்காற்று பின்னால் தள்ளுகிறவர்கள் போல. நீ எழுதினால் முன்னால் அல்லவா சாயும்.

கொண்டைக்காரி தன் சந்தேகத்தைத் தானே கேட்கமாட்டாளா? கை யாருடையது?

பொடிசு


மார்ச் 29

பொடிசு,

உனக்குச் சந்தேகப்படத்தான் தெரியும். பேனா மட்டம். அதனால் சாய்கிறது.

அந்தக் கை, கொண்டைக்காரிக்குத் தெரிந்த யாருடையதோ. நான் கேட்டு வைத்தேன். அவளுக்கு மோதிரம் இறங்காமல் வெட்டி எடுத்தார்களாம். சாயங்காலம் ஆனால் கை ஒரு மூட்டை கனம் கனக்குமாம். வலி இல்லை, கனம். தன் கையைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பது போல.

கேள்வி இதுதான். அக்குள் வழி என்றாய். அந்த வழியே இல்லை என்று வைத்துக்கொள். அங்கிருந்த கணுக்களை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள். பஸ்ஸில் படியே இல்லை. அப்போது ஏறினவர்கள் எங்கே இறங்குவார்கள்? சும்மா கேட்கிறேன். யோசித்துக்கொண்டே இருந்தேன், அதனால்.

நீ சொல்லியும் கேட்காமல் ரப்பரை இன்னொரு தடவை வைத்தேன். திட்டாதே. மெல்லத்தான் வைத்தேன். இந்த வட்டம் போகவில்லை. கன்னம் சூடாக இருக்கிறது, மாமாவின் சட்டை உரசினால்கூட எரிகிறது. லேசாகக் குளிரும் அடிக்கிறது. நல்ல வெயில், நான் மட்டும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை. ஜலதோஷமாக இருக்கும்.

கொண்டைக்காரி 'கொஞ்சம்' போடச் சம்மதித்துவிட்டாள். கீழ் வரி நாளைக்கு.

அக்கா


ஏப்ரல் 1

சட்டை கன்னத்தில் உரசாது, அக்கா.

இந்தக் கடிதம் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நீ ஆஸ்பத்திரியில் இருப்பாய். திரும்பி வந்து படி.

உன் கடிதம் காலையில் வந்தது. நின்றபடியே படித்தேன். சட்டை என்ற இடத்தில் நின்றேன். மாமாவின் சட்டையை நீ ஏன் போடுகிறாய்? உன் ரவிக்கைக் கை ஏறவில்லை. மோதிரம் இறங்கவில்லை. ரப்பரை வைத்தது கன்னத்தில் இல்லை, கையில். பேனா மட்டம் இல்லை. கொண்டைக்காரிக்குத் தெரிந்தவள் யாரும் இல்லை.

அக்குளில் கணுக்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சும்மா யாரும் யோசிப்பதில்லை. எதற்காக எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வேலையில் சேர்ந்ததும் சொல்லித்தருகிற முதல் எச்சரிக்கைகளில் ஒன்று அது: மார்பில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேள். கேட்காமல் கையைத் தொடாதே. முன்பின் தெரியாத ஒவ்வொருத்தியிடமும் இதைக் கேட்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை.

என் போனிலிருந்து உனக்குப் போகாது, போனாலும் ஜலதோஷம் என்பாய். மேடத்தின் போனிலிருந்து மாமாவின் ஆபீசுக்குக் கூப்பிட்டேன்.

"மாமா, அக்கா கையைப் பாருங்க. இப்பவே வீட்டுக்குப் போங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "உனக்கு யார் சொன்னா?"

"எந்தக் கை மாமா?"

"வலது."

"சிவந்து சூடா இருந்தா வீட்டுல வச்சுக்காதீங்க. குளிர் அடிக்குதுன்னு எழுதியிருக்கா. அது ஜலதோஷம் இல்ல. அந்தக் கைக்குக் காயமே ஆகக்கூடாது மாமா."

அவர் போனை வைக்கவில்லை. அப்படியே மேஜை மேல் போட்டுவிட்டு ஓடினார் போலிருக்கிறது. யாரோ டைப் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு மத்தியானம் அவரே கூப்பிட்டார். சேர்த்துவிட்டதாக. ஊசி போடுவதாக. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தாராம், முடிக்கவில்லையாம்.

வலது கை. உன் ஏணி. உன் பிரஷ்.

கோபமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

படியே இல்லாவிட்டால், உடம்பு சுற்றுவழி தேடும். மார்பைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க அக்குளுக்கு ஒரு வழி. விலாவோரம் இறங்கி இடுப்பு மடிப்புக்கு ஒரு வழி. மெல்லிய குழாய்கள், முன்பு யாரும் அதிகம் புழங்காதவை. நெரிசல் இருந்தால் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். கையைத் தொடுவதற்கு முன்னால் அந்தச் சுற்றுவழிகளைத் திறக்கவேண்டும். அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் படித்தது முகம். இதை நான் இன்னும் படிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் எண்ணைத் தடுத்தது அதனாலா?


ஏப்ரல் 11

பொடிசு,

வீட்டுக்கு வந்தாயிற்று. சிவப்பு இறங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. கை இன்னும் மூட்டைதான்.

ஆமாம். அதனால்தான்.

சித்தி வீட்டுக்குப் போவதற்கு முதல் நாள்தான் ரிப்போர்ட் வந்தது. அன்று கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து, நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருப்பது போல் எனக்குப்பட்டது. யாரும் பார்க்கவில்லை, எனக்குத்தான் பட்டது. வாயில் முதலில் வந்ததைச் சொல்லி உன் பக்கம் எல்லோரையும் திருப்பிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்து போனாய். அடுத்த வாரம் ஆபரேஷன். நீ போனில் கூப்பிட்டால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். வந்து நிற்பாய். நான் திட்டினவள் வந்து எனக்குத் தலை வாரிவிடுவதை நான் பார்க்கவேண்டும். அது என்னால் ஆகாது என்று நினைத்தேன். தடுத்துவிட்டேன்.

எழுத்தில் கண்டுபிடிக்கமாட்டாய் என்று நினைத்தேன். படித்தவளிடம் எழுத்தைக் கொடுத்தால் இப்படித்தான்.

இது இடது கை. ஆபரேஷனுக்குப் பிறகு பழகினேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன், இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று எத்தனை நாளாகத் துடிக்கிறேன் தெரியுமா? கண்ணாடிக்கு இடது கைதான் தோது. உள்பக்கம் நின்று புரட்டி எழுதும்போது, வலது கையால் ஒவ்வொரு எழுத்தையும் யோசித்து யோசித்து எழுதுவேன். இடது கை யோசிப்பதே இல்லை. அதற்குப் புரட்டுவதுதான் நேர். மேல் வரியை எழுதி முடித்து இறங்கி, வெளியே போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வரி எழுதியதில்லை. உனக்குக் கடிதம் எழுதும்போதுதான் அதற்குக் கஷ்டம், நேராக எழுதவேண்டியிருக்கிறது.

நேற்று கீழ் வரியும் முடித்தேன். மாமா பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு வசை பாடினார். 'முக வீக்கம் கொஞ்சம் குறையும்.' பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படித்துவிட்டு, "கொஞ்சமாமே" என்று சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு உள்ளே போகிறார்கள். கொண்டைக்காரி இப்போது அது தன் யோசனை என்கிறாள்.

இனி விஷயம். ஆஸ்பத்திரியில் கை வீக்கத்துக்கென்றே ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா இருக்கிறார். நீ எழுதின சுற்றுவழியை அவரிடம் சொன்னேன். "யாரு சொன்னது?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். இந்தக் கைக்கு இப்போதைக்குக் கப் வேண்டாம், வெறும் கைதான், தோலை நகர்த்துகிற அளவுக்கு மட்டும், தினமும் என்றார். மாமாவுக்குக் காட்டித்தந்தார். மாமா மாவு பிசைவது போல் செய்கிறார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"தங்கச்சிக்கு மெல்லத் தொடத் தெரியுமா?"

"அது ஒண்ணுதான் அவளுக்குத் தெரியும்."

"அப்ப வரச் சொல்லுங்க. நான் காட்டித்தரேன்."

உன் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதித்தான் கேட்கமுடிகிறது. வா. வரும்போது கப் எடுத்துவராதே. கை போதும்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

மேடத்திடம் விடுமுறை கேட்டேன். "எதுக்கு?" என்றார். சொன்னேன். "முதல்ல கையை ஆரம்பிச்சுடாதே" என்றார். தெரியும் என்றேன். "தெரியும்னு எல்லாரும் சொல்வீங்க. வீங்கின இடத்தைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும்."

அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கையைப் பார்த்ததும் என் கை எங்கே போகும்? சித்தி வீட்டுக் கூடத்தைப் பற்றி முதலில் கேட்பேனா, மோதிரத்தைப் பற்றியா, இந்த ஒரு வருடத்தைப் பற்றியா? எல்லாமே வீங்கிய இடம்தான். வேறு எங்கிருந்தாவது ஆரம்பிக்கவேண்டும். அந்தக் கண்ணாடியைக் காட்டச் சொல்வேன். பஸ் அங்கேதானே திரும்புகிறது. அங்கேயே இறங்கி

தங்கை அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை, நேரிலேயே போகிறவள் கடிதத்தைத் தபாலில் போடவுமில்லை. கப்புகளைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து பத்து விரல்களிலும் நகத்தை ஒட்ட வெட்டினாள்.